ஜீப்: மூலபாடமும் பாடபேதங்களும்

1

பழைய ஜீப் ஒன்றை வாங்கி, அக்கக்காகக் கழற்றி, துருவைச் சுரண்டி, பெயிண்ட் அடித்துப் 'பழையபடி' ஆக்குவதை அந்த வட்டாரத்தில் 'ரெஸ்டோர் பண்றது' என்கிறார்கள். மீட்டமைத்தல் என்று நாம் தமிழில் சொல்லிக்கொள்ளலாம். சொன்ன உடனே ஒரு கேள்வி வந்து குறுக்கே நிற்கிறது: எந்த நாளுக்கு மீட்பது? 1943இல் தொழிற்சாலைக் கதவைத் தாண்டிய அந்த ஒரு நிமிஷத்துக்கா, அதற்குப் பிறகு எண்பது வருஷம் அந்த வண்டி பட்ட பாட்டுக்கா? முதலாவதுதான் மூலம், மற்றதெல்லாம் அழுக்கு என்கிறது சந்தை. விலையும் அதற்குத்தான்.

பழைய இரும்புக்கு இவ்வளவு பேச்சா என்று தோழர்கள் கேட்கலாம். ஏடு பார்த்துப் பதிப்பித்த மரபு நம்முடையது. ஒரு நூலுக்குப் பத்து ஏடு கிடைத்தால் பத்திலும் பாடம் வேறு வேறாக இருக்கும். நல்ல பதிப்பாசிரியர் தனக்குச் சரியென்று பட்டதை மேலே வைத்து, மற்றவற்றைப் பாடபேதம் என்று கீழே அச்சிடுவார். மோசமான பதிப்பாசிரியர் தனக்குப் பிடிக்காததை அழித்துவிட்டு 'சுத்தப் பதிப்பு' என்று அட்டையில் போடுவார். எது மூலம், யார் அதைத் தீர்மானிக்கிறார்கள், தீர்மானிக்கும்போது யாருடைய காலம் சுரண்டி எடுக்கப்படுகிறது என்ற கேள்விகள் சுவடிக்கு எவ்வளவு பொருந்துமோ அவ்வளவு இரும்புக்கும் பொருந்தும். சுரண்டல் என்ற சொல்லை இங்கே இரண்டு அர்த்தத்திலும் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

2

முதலில் இந்த 'மூலம்' எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்ப்போம்.

1940 ஜூலையில் அமெரிக்க ராணுவம் 135 கம்பெனிகளுக்கு ஒரு கோரிக்கை அனுப்பியது. நாலு சக்கரத்துக்கும் இழுவை உள்ள, எடை குறைந்த, சின்ன உளவு வண்டி வேண்டும். மாதிரி வண்டியை 49 நாளில் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். கெடுவுக்குள் வண்டியோடு வந்தது பென்சில்வேனியா மாநிலத்தின் பட்லர் என்ற ஊரில் நொடித்துப்போகும் நிலையில் இருந்த அமெரிக்கன் பாண்டம் என்கிற சின்னக் கம்பெனி மட்டுமே. கார்ல் ப்ராப்ஸ்ட் என்ற பொறியாளர் வரைபடம் போட்டுக் கொடுத்தார். செப்டம்பர் 23ஆம் தேதி வண்டி ராணுவத்தின் சோதனைத் திடலுக்குப் போய்ச் சேர்ந்தது.

அடுத்து நடந்ததுதான் கதை. சின்னக் கம்பெனியால் பெரிய யுத்தத்துக்கு வண்டி செய்து தர முடியாது என்று ராணுவம் நினைத்தது. பாண்டம் வண்டியின் வடிவமைப்பு வில்லிஸ், ஃபோர்டு என்ற இரண்டு பெரிய கம்பெனிகளுக்குக் காட்டப்பட்டது. அவர்களும் மாதிரி செய்தார்கள். 1941இல் பெரிய ஒப்பந்தம் வில்லிஸுக்குப் போயிற்று. காரணம், அதன் 60 குதிரைசக்தி எஞ்சின். வில்லிஸ் மட்டும் போதாது என்று அதே வண்டியை அதே வரைபடத்தில் செய்யும்படி ஃபோர்டும் அமர்த்தப்பட்டது. இருவரும் சேர்ந்து யுத்தம் முடிவதற்குள் 6 லட்சத்துக்கு மேல் வண்டிகளைச் செய்து தள்ளினார்கள். வழி காட்டிய பாண்டம் செய்தது மூவாயிரத்துக்கும் குறைவு.

ஜீப்பின் முகம் என்று நாம் அடையாளம் காண்கிறோமே, தகட்டில் வெட்டிய அந்த நெட்டுப் பட்டை முன்தட்டி, அது ஃபோர்டின் வேலை. வில்லிஸின் ஆரம்ப வண்டிகளில் இரும்புப் பட்டைகளைப் பற்றவைத்த தட்டிதான் இருந்தது. ஆக, உருவம் பாண்டம், இதயம் வில்லிஸ், முகம் ஃபோர்டு. இதில் யார் தகப்பன்? வில்லிஸ் 'ஜீப்பை உருவாக்கியது நாங்களே' என்று விளம்பரம் செய்தது. அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் 1943இல் இதன் மேல் புகார் பதிந்து, 1948இல் அப்படி விளம்பரம் செய்யக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னது. ஆனாலும் 1950இல் 'ஜீப்' என்ற பெயர் வில்லிஸின் வணிகச் சின்னமாகப் பதிவாகிவிட்டது. படைத்தவன் நீயில்லை, ஆனால் பெயர் உனக்குத்தான் என்பதாக ஒரு ஏற்பாடு. மூலம் என்று நாம் கும்பிடுவது, விசாரித்துப் போனால், அரசு பார்த்துச் செய்த பாகப்பிரிவினையாக இருக்கிறது.

3

இப்போது சந்தைக்குள் போவோம்.

யுத்தகால ஜீப் வாங்க வருகிற சேகரிப்பாளர் முதலில் குனிந்து சேசிஸைப் பார்ப்பார். ரேடியேட்டருக்குக் கீழே வருகிற குறுக்குச் சட்டம் உருண்டைக் குழாயாக இருந்தால் வில்லிஸ். கவிழ்த்த 'ப' வடிவத்தில் இருந்தால் ஃபோர்டு. வில்லிஸில் சேசிஸ் எண் ஒரு சின்னத் தகட்டில் அடித்து இடது சட்டத்தின் உட்பக்கம் ரிவிட் செய்யப்பட்டிருக்கும்; ஃபோர்டில் சட்டத்தின் மேலேயே கொத்தப்பட்டிருக்கும். பிறகு அவர் போல்ட் போல்ட்டாகப் பார்க்கத் தொடங்குவார். ஃபோர்டு கம்பெனி தன் உதிரிபாகங்களிலும் போல்ட் தலைகளிலும்கூடத் தன் பெயரின் முதல் எழுத்தை முத்திரையாகக் குத்தியிருந்தது. 'எஃப் போல்ட்' என்று இதற்குத் தனிச் சந்தையே உண்டு. ஃபோர்டு வண்டியில் ஃபோர்டு போல்ட்தான் இருக்க வேண்டும். வில்லிஸ் போல்ட் ஒன்று கலந்திருந்தாலும் அது குறை.

இந்த வண்டிகள் எதற்காகச் செய்யப்பட்டன என்பதை இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். வில்லிஸின் பாகம் ஃபோர்டில் பொருந்த வேண்டும், ஃபோர்டின் பாகம் வில்லிஸில் பொருந்த வேண்டும் என்பதுதான் ராணுவத்தின் நிபந்தனை. குண்டில் போன ஒரு வண்டியின் கியர் பாக்ஸை மெக்கானிக் கழற்றி அடுத்த வண்டியில் மாட்டுவான். யாருடைய கியர் பாக்ஸ் என்று அவன் கேட்கமாட்டான். யுத்தத்தின் பிற்பகுதியில் இரண்டு கம்பெனிகளுக்கும் பாடி செய்து கொடுத்ததே ஒரே வெளிக் கம்பெனிதான். கலப்பதற்கென்றே பிறந்த வண்டி அது. அதைத்தான் இன்று பிரித்து, இது இந்த வீட்டுப் போல்ட், அது அந்த வீட்டுப் போல்ட் என்று குலம் கோத்திரம் பார்த்து அடுக்குகிறார்கள். 'சுத்தமான ஃபோர்டு', 'கலப்பு வண்டி' என்று சர்வசாதாரணமாகப் பேசுகிறார்கள். இந்தச் சொற்களை நாம் வேறு எங்கே கேட்டிருக்கிறோம் என்பதைத் தமிழ் வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை. தூய்மை என்ற கருத்து எங்கே புகுந்தாலும் அதற்கு ஒரே வேலைதான்: கலந்து வாழ்ந்த வரலாற்றை அசிங்கம் என்று சொல்லிவிடுவது.

'பொருள்களின் அமைப்பு' (1968) நூலில் ழான் போத்ரியார் பழம்பொருள்களைப் பற்றித் தனியாகப் பேசுகிறார். பழம்பொருள் எந்தக் காரியத்துக்கும் உதவுவதில்லை. காலத்தைக் குறிப்பதற்காகவே இருக்கிறது என்பது அவர் வாதத்தின் சாரம். ஆனால் எந்தக் காலத்தைக் குறிக்கிறது என்பதையும் நாம் சேர்த்துக் கேட்க வேண்டும். எஃப் போல்ட் குறிப்பது தொழிற்சாலையை விட்ட நாளை மட்டுமே. அதற்குப் பின் வண்டி ஓடிய காலத்துக்கு அங்கே குறிப்பான் கிடையாது.

4

இந்தப் பின்காலம் நடந்த இடங்களில் ஒன்று மணிலா. 1945க்குப் பிறகு அமெரிக்க ராணுவம் பிலிப்பைன்ஸில் விட்டுச் சென்ற ஜீப்புகளை அங்கிருந்த மக்கள் வாங்கி, பின்பக்கத்தை நீட்டி, எதிரெதிராக இரண்டு பெஞ்சு போட்டு, கூரை வேய்ந்து, 'ஜீப்னி' என்ற பொதுப் போக்குவரத்தாக மாற்றினார்கள். யுத்தத்தில் சிதைந்துபோன ஒரு நகரத்தைச் சுமந்தது அந்த ஒட்டு வேலைதான். மிச்சமிருந்த ஜீப்புகள் தீர்ந்ததும் புதிதாகவே செய்யத் தொடங்கினார்கள். லாஸ் பின்யாஸில் 1953இல் தொடங்கிய சராவோ பட்டறை இதில் பேர்போனது.

தகட்டை வளைக்கிற அந்தக் கைத்திறன் வேறொரு பாதையிலும் போயிற்று. பிலிப்பைன்ஸின் எம்.டி. ஹுவான் என்ற நிறுவனம் யுத்தகால ஜீப்புக்கு அச்சு அசலான புதுப் பாடிகளைச் செய்கிறது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் 'மீட்டமைக்கப்பட்ட' பல ஜீப்புகளின் உடம்பு அங்கே பிறந்ததுதான். ஆக, ஒரே நாட்டில் கிட்டத்தட்ட ஒரே வேலை இரண்டு பெயரில் நடக்கிறது. சேகரிப்பாளருக்காகத் தகடு வளைத்தால் அது பாரம்பரியம். கூலிக்காரர் ஏறிப் போவதற்காக வளைத்தால் அது காலாவதியான வண்டி. 2017இல் பிலிப்பைன்ஸ் அரசு பொது வாகன நவீனமயத் திட்டத்தைக் கொண்டுவந்து பழைய ஜீப்னிகளை ஒதுக்க முனைந்தது. கடன் வாங்கிப் புதுவண்டி எடுக்க வழியில்லாத ஓட்டுநர்கள் 2023 மார்ச்சில் வேலைநிறுத்தம் செய்தார்கள்.

5

இந்தியாவுக்கும் இந்த வண்டி வந்தது. மகிந்திரா நிறுவனம் வில்லிஸ் ஜீப்புகளைப் பாகங்களாகக் கொண்டுவந்து பம்பாயில் பூட்டத் தொடங்கியது. அடுத்து உரிமம் வாங்கி இங்கேயே செய்தது. பானட் உயர்ந்த சி.ஜே. 3பி என்கிற மாடல் அமெரிக்காவில் 1968இல் நின்றுபோன பிறகும் இங்கே பல பத்தாண்டுகள் அதே முகத்தோடு வந்துகொண்டிருந்தது. நமக்கு ஜீப் என்றால் அந்த முகம்தான். அதிலும் கிராமத்துக்கு அது முதலில் அரசாங்கத்தின் முகம். 'ஜீப் வந்திருச்சு' என்றால் போலீஸ், இல்லை தாசில்தார், இல்லை ஃபாரஸ்ட்காரர். பயந்து ஒதுங்கி நின்று பார்த்த வண்டி.

அந்த அதிகார வண்டி கைமாறுகிற இடம் ஏலம். ராணுவமும் அரசுத் துறைகளும் 'கண்டம்' என்று கழித்த வண்டிகளை மொத்தமாக ஏலத்தில் எடுத்துப் பிரித்தும் சேர்த்தும் விற்கிற வியாபாரம் பல ஊர்களில் உண்டு. அரியானாவின் மண்டி டப்வாலி திறந்த ஜீப்புக்கே பெயர் வாங்கிய ஊர். அங்கே இரண்டு மூன்று கண்டம் வண்டிகளிலிருந்து ஒரு ஓடுகிற வண்டி பிறக்கும்.

நம்ம பக்கத்துப் பட்டறையில் பழைய ஜீப் வாங்க வருகிறவர் கேட்பது வேறு கேள்விகள். 'எஞ்சின் என்ன ஏத்தியிருக்கு? ஆர்.சி.யில ஏறியிருக்கா? ஃபோர் வீல் விழுதா? சேசிஸ் நம்பர் தெளிவா இருக்கா, திரும்பக் கொத்துனதா?' பெட்ரோல் எஞ்சினைக் கழற்றிவிட்டு டீசல் ஏற்றியிருப்பார்கள். பெட்ரோல் விலைக்கு மலை ஏறிக் கட்டுப்படியாகாது. ஃப்ளோர் தகடு துருவேறி ஓட்டையாகியிருக்கும், அதன் மேல் ஒட்டுத்தகடு வைத்து வெல்டிங் அடித்திருக்கும். ஸ்டியரிங் பாக்ஸ் உட்காருகிற இடத்தில் சேசிஸ் வெடிப்பு விட்டிருக்கிறதா என்று கை வைத்துத் தடவிப் பார்க்க வேண்டும். பின்னால் ஆள் ஏற்ற நீட்டிய சட்டம் இருக்கும், கம்பி இருக்கும், படி இருக்கும். வாங்குகிறவர் ஓட்டிப் பிழைக்கிறவராக இருந்தால் இவையெல்லாம் வண்டியின் தகுதிகள். சேகரிப்பாளராக இருந்தால் இவையெல்லாம் விலையைக் குறைத்துப் பேசுவதற்கான குறைகள். ஒரே வண்டி, இரண்டு வாசிப்பு. வாசிப்பவரின் வர்க்கம் பிரதியின் அர்த்தத்தை மாற்றிவிடுகிறது.

தேனி மாவட்டத்தில் போடி, கம்பம் பக்கத்து ஊர்களிலிருந்து விடிவதற்கு முன்பே ஜீப்புகள் மலை ஏறும். உள்ளே இருப்பவர்கள் இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்குக் கூலிக்குப் போகிறவர்கள், பெரும்பாலும் பெண்கள். தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு, எதிரெதிர் பெஞ்சில் முட்டிக்கு முட்டி இடிக்க, போடிமெட்டு வளைவுகளில் ஒருத்தர் மேல் ஒருத்தர் சாய்ந்து போவார்கள். மணிலாவில் போட்ட அதே எதிரெதிர் பெஞ்சு. யாரும் யாரையும் பார்த்துச் செய்ததில்லை. தேவை ஒன்றாக இருந்தது, தகடும் வெல்டிங்கும் கைவசம் இருந்தன. அந்த நீட்டல், அந்தக் கம்பி, அந்தப் படி ஒவ்வொன்றும் ஒரு பாடபேதம். அந்தப் பாடத்தில் எழுதப்பட்டிருப்பது கூலிப் பெண்களின் காலை நேரம்.

இப்படியொரு வண்டி சேகரிப்பாளர் கைக்குப் போனால் என்ன ஆகும்? பாடியைத் தூக்கி இறக்குவார்கள். நீட்டிய சட்டத்தை கேஸ் கட்டரில் அறுத்து எறிவார்கள். மணல் வீச்சில் பெயிண்ட்டை இரும்பு தெரிய உரிப்பார்கள். தமிழ்நாட்டுக் கோயில் திருப்பணிகளில் கல்லைச் சுத்தம் செய்கிறோம் என்று இதே மணல் வீச்சு கல்வெட்டுகளையும் சிற்பங்களையும் மழுக்கிய கதை நமக்குத் தெரியும். பிறகு ரெட் ஆக்சைடு, பட்டி, கடைசியில் ராணுவப் பச்சை. இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. இந்தியாவில் 1989 மத்திய மோட்டார் வாகன விதிகளின் 121ஆம் விதிப்படி ஆலிவ் பச்சையை ராணுவ வண்டிகளைத் தவிர வேறு வண்டிக்குப் பூசக் கூடாது. மூலத்துக்கு அப்படியே திரும்பினால் சட்டமீறல். எனவே கொஞ்சம் தள்ளி வேறொரு பச்சையைப் பூசிக்கொண்டு 'ஒரிஜினல்' என்கிறார்கள்.

6

சட்டம் இதோடு நிற்கவில்லை. எது பழமை என்பதற்கே அரசு இலக்கணம் எழுதிவிட்டது. 2021 ஜூலையில் வந்த மத்திய அரசின் விதிகள்படி, முதல் பதிவுக்குப் பின் 50 வருஷம் தாண்டிய இருசக்கர, நாற்சக்கர வண்டிகள் 'விண்டேஜ்' ஆகப் பதிவாகலாம். எண் பலகையில் 'வி.ஏ.' என்ற எழுத்துகள் வரும். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். நிபந்தனைகள்தான் முக்கியம்: வண்டி மூல வடிவத்தில் பராமரிக்கப்பட்டிருக்க வேண்டும், சேசிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் கூடாது, சொந்த உபயோகத்துக்கு மட்டும், தொழிலுக்கு ஓட்டக் கூடாது, கண்காட்சி, அணிவகுப்பு போன்றவற்றுக்குத் தவிர வழக்கமாகச் சாலையில் ஓட்டக் கூடாது.

இதைத் திருப்பிப் போட்டு வாசித்தால் இப்படி வருகிறது: உழைத்த வண்டிக்குப் பாரம்பரியம் கிடையாது. மேற்கு வங்கத்தின் மானேபஞ்சனிலிருந்து 3,636 மீட்டர் உயரத்தில் இருக்கும் சந்தக்ஃபூவுக்கு 1950களின் லேண்ட் ரோவர்கள் வாடகைக்கு மலையேறியவை. அவற்றின் மூல எஞ்சின் போய் டீசல் எஞ்சின் வந்து எவ்வளவோ காலமாயிற்று. உலகத்திலேயே அதிகம் வேலை வாங்கப்பட்ட பழைய லேண்ட் ரோவர்களின் கூட்டங்களில் இதுவும் ஒன்றாக இருக்கும். 2018இல் அந்தக் கம்பெனியே தன் எழுபதாம் ஆண்டுக்கு அந்த ஊரைப் படம் பிடித்துக் கொண்டாடியது. ஆனால் இந்த இலக்கணப்படி அவை விண்டேஜ் ஆகாது. இரண்டு நிபந்தனையிலும் தோற்கும். இன்னொரு பக்கம், தயாரித்தவர் கொடுத்த வடிவத்தை மாற்றக் கூடாது என்கிற மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவை 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இறுக்கமாக வலியுறுத்தியது. மாற்றிய வண்டி சாலையிலும் குற்றம், காட்சியகத்திலும் குற்றம்.

வடிவத்துக்கு உரிமை கொண்டாடுகிற அதிகாரம் நாடு கடந்தும் வேலை செய்கிறது. வில்லிஸ் உரிமத்தில் தொடங்கிய மகிந்திரா, ராக்ஸர் என்ற வண்டியை அமெரிக்காவில் விற்கப் போனது. ஜீப் பெயரை அப்போது வைத்திருந்த ஃபியட் கிறைஸ்லர் 2018இல் புகார் கொடுத்தது. அந்த வண்டியின் தோற்றம் ஜீப்பின் தோற்ற உரிமையை மீறுகிறது என்று 2020இல் அமெரிக்க சர்வதேச வணிக ஆணையம் முடிவு செய்தது. முகத்தை மாற்றிய பிறகே விற்க வழி பிறந்தது. பாண்டம் போட்ட வடிவம், ஃபோர்டு வெட்டிய முகம், வில்லிஸ் பதிந்த பெயர், இத்தனை கலப்புக்குப் பிறகும் 'மூலம் எங்களுடையது' என்று ஒருவர் சொல்ல முடிகிறது. மூலம் என்பது சொத்துப் பத்திரத்தின் இன்னொரு பெயர்.

7

அப்படியானால் ஒட்டுப்போட்ட வண்டியைப் புனிதமாக்கிவிடலாமா? கூடாது. ஒட்டு வேலையில் திறமையும் இருக்கிறது, கதியற்ற நிலையும் இருக்கிறது. 2023 ஆகஸ்ட் 25 அன்று வயநாட்டில் தலப்புழைக்குப் பக்கத்தில், தேயிலைத் தோட்டத்தில் வேலை முடித்துத் திரும்பிய பெண்களை ஏற்றி வந்த ஜீப் பள்ளத்தில் விழுந்து ஒன்பது பெண்கள் இறந்தார்கள். தோட்டக் கூலிகளுக்குப் பாதுகாப்பான பஸ் விடாத ஏற்பாட்டில்தான் பழைய ஜீப் இவ்வளவு வருஷம் ஓடுகிறது. அதன் கீறலைப் பார்த்து அழகியல் பேசுவதும் ஒரு வகை நுகர்வுதான். துரு தெரியும்படி வார்னிஷ் அடித்து 'பழமையின் அழகு' என்று விற்கிறவர்களும் இன்று இருக்கிறார்கள்.

கட்டட மீட்டமைப்புக்கு 1964இல் எழுதப்பட்ட வெனிஸ் சாசனத்தில் நமக்கு உதவக்கூடிய இரண்டு கருத்துகள் இருக்கின்றன. ஒரு கட்டடத்தில் எல்லாக் காலத்தவரும் செய்த முறையான சேர்க்கைகளை மதிக்க வேண்டும், ஒரே பாணிக்குக் கொண்டுவருவது மீட்டமைப்பின் நோக்கமல்ல என்பது ஒன்று. இல்லாத பாகத்துக்குப் புதிதாக வைக்கும் எதுவும் மூலத்திலிருந்து பிரித்தறியக் கூடியதாக இருக்க வேண்டும் என்பது இன்னொன்று. இதை அடியொற்றிப் பழைய வாகனங்களுக்கென்று எழுதப்பட்டு 2013இல் இறுதி வடிவம் பெற்ற டியூரின் சாசனமும் இருப்பதைப் பாதுகாப்பதை முன்னாலும் மீட்டமைப்பதை அதற்குப் பின்னாலும் வைக்கிறது. பாடபேதத்தைக் கீழே அச்சிடு என்பதுதான் இரண்டும் சொல்வது.

பட்டறை மொழியில் இதைச் சொன்னால்: பிரேக், ஸ்டியரிங், டயர், வயரிங் எல்லாம் புதுசாகப் போடு, உயிர் சம்பந்தப்பட்டதில் பழமை பேசாதே. சேசிஸ் வெடிப்பை முறையாகச் சரி செய். ஆனால் நீட்டிய சட்டத்தை அறுப்பதற்கு முன் ஒரு தரம் யோசி. அறுத்தே ஆக வேண்டுமென்றால் அளவெடு, போட்டோ எடு, எந்தப் பட்டறையில் யார் நீட்டியது என்று விசாரித்து ஒரு நோட்டில் எழுதி வை. ஏலச்சீட்டு, பழைய ஆர்.சி., எஃப்.சி. தாள், யார் யார் கைமாறியது என்ற விவரம் எல்லாம் வண்டியோடு போகட்டும். விற்கிறவரிடம் 'எஞ்சின் ஒரிஜினலா?' என்று கேட்கிற அதே மூச்சில் 'இதுல யாரு ஏறிப் போனாங்க?' என்றும் கேட்கலாம். அவருக்குத் தெரிந்திருக்கும். இதுவரை யாரும் கேட்டிருக்கமாட்டார்கள், அவ்வளவுதான்.

சேகரிப்பாளர்களின் அணிவகுப்பில் பளபளவென்று ஒரு ஜீப் வந்து நிற்கும்போது அதன் அடியில் குனிந்து எஃப் போல்ட் தேடுகிறவர்கள் தேடட்டும். நாம் தேட வேண்டியது பின்பக்கத் தகட்டில். கிரைண்டர் போட்டுத் தேய்த்து, பட்டி பூசி, பச்சை அடித்து மறைத்திருந்தாலும், வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தால் வெல்டிங் கோடு தெரியும். அங்கேதான் பெஞ்சு இருந்தது.